நான் விழுங்கிய வாக்கியம்

அந்தப் பிரெஞ்சுக்காரம்மா வந்துபோய் மூன்று வருஷம் ஆகிறது. நாலே நாள்தான் இருந்தார். அந்த நாலு நாளில் நடந்ததை என் கணவரிடம்கூட இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

ஒரகடம் பக்கம் ஒரு பிரெஞ்சுக் கம்பெனியில் நான் மொழிபெயர்ப்பாளர். கார்க் கதவைச் சுற்றி ஓடுமே, கறுப்பு ரப்பர் பட்டை, அதைச் செய்கிற கம்பெனி. மண்ணூரில் பிறந்தவளுக்குப் பிரெஞ்சு எப்படி வந்தது என்று எல்லோரும் கேட்பார்கள். பெரிய கதை ஒன்றுமில்லை. கல்லூரியில் தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சு எடுத்தால் மார்க் கொட்டும் என்று ஒரு சீனியர் அக்கா சொன்னார். எடுத்தேன். மார்க்கும் வந்தது, மொழியும் ஒட்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பஸ் மாறி நுங்கம்பாக்கம் போய் மேற்கொண்டு படித்தேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் ஆறு மாதம் மெஷின்களின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தேன். அந்த மெஷின்கள் எல்லாம் பிரான்ஸில் ஒரு சின்ன ஊரில் ஓடியவை. அங்கே ஆலையை மூடியதும் கப்பலேறி இங்கே வந்துவிட்டன. பொத்தான்களுக்குக் கீழே இருந்த பிரெஞ்சு வார்த்தைகளின் மேல் தமிழ் வார்த்தைகளை ஒட்டினேன். ‘சூடு, தொடாதே’, ‘அவசரத்துக்கு அழுத்தவும்’. அதற்குப் பிறகுதான் மீட்டிங், ரிப்போர்ட், விசாரணை என்று வந்தது.

என் கணவர் அதே கம்பெனியில் மெயின்டனன்ஸில் இருந்தார். ஏழு வருஷமாகக் காண்ட்ராக்ட். அந்த வருஷம் பர்மனன்ட் ஆகப் போகிறவர்கள் லிஸ்டில் அவர் பெயர் இருப்பதாக எச்.ஆர். மேனேஜரே என்னிடம் சொல்லியிருந்தார். நல்ல மனசோடு சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் எச்.ஆர். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். பாரிஸிலிருந்து ஒரு பெரிய பத்திரிகையாளர் வருகிறார், இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக வாராவாரம் அரசியல் பத்தி எழுதுகிறவர், மந்திரிகளே முதலில் அதைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் காபி குடிப்பார்களாம் என்றார். அந்தப் பத்திரிகையின் முதலாளியும் எங்கள் முதலாளியும் நண்பர்கள். நம்மைப் பற்றி நல்லபடியாக எழுதத்தான் வருகிறார் என்றார்.

“நாலு நாளும் நீங்கதாம்மா அவங்க கூட. சாயங்காலம் ஆறு மணிக்கு எனக்கு ஒரு மெயில் போட்டுடுங்க. யாரைப் பார்த்தாங்க, என்ன கேட்டாங்க, எதைக் குறிச்சுக்கிட்டாங்க. அவ்வளவுதான்.”

வேவு பார்ப்பது என்று ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது.

“வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?” என்று கேட்டார் அவர், சிரித்துக்கொண்டே.

“நல்லா இருக்கார் சார். மெயில் போட்டுடறேன் சார்.”

வந்தவர் நான் கற்பனை செய்திருந்த மாதிரி இல்லை. இணையத்தில் பார்த்த படங்களில் மந்திரிகளோடு, பளபளக்கும் மேசைகளில் இருந்தார். விமான நிலையத்தில் வெளியே வந்தது அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க, கழுத்தோடு வெட்டிய வெள்ளை முடியும் வலிக்கிற முழங்காலும் உள்ள ஒரு அம்மா. ஸ்ரீபெரும்புதூரில் கொரியர்கள் வந்து தங்கும் ஹோட்டலில்தான் அறை போட்டிருந்தார்கள். மெனு கார்டில் கொரிய எழுத்தைப் பார்த்துவிட்டு, “நான் சரியான நாட்டுக்குத்தானே வந்திருக்கிறேன்?” என்று கேட்டார். நான் சிரித்தேன். அவரைப் பிடித்துப்போய்விட்டதே என்று அப்போதே பயமாக இருந்தது.

முதல்நாள் ஆலையைச் சுற்றிக் காட்டினோம். எங்கள் ஆலைத் தலைவர் பிரெஞ்சுக்காரர், முன்னால் நடந்தார். எச்.ஆர். மேனேஜர் பின்னால். சூடான ரப்பர் வாசனை சாயங்காலம் வரைக்கும் முடியில் இருக்கும் என்று சொல்லி அவருக்கு ஒரு தொப்பி கொடுத்தேன். ஒரு மெஷின் பக்கத்தில் அவர் நின்றுவிட்டார். அதன் பித்தளைத் தகட்டில் அந்தப் பழைய ஊரின் பெயர் இருந்தது. குனிந்து படித்தார். பிறகு தகட்டின் மேல் கையை வைத்தார். ஆலைத் தலைவர் “சூடு, சூடு” என்றார். அவர் கையை எடுக்கவில்லை.

மதியம் கேன்டீனில் தரப் பிரிவு இன்ஜினியர் பெண் ஒருத்தி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இருபத்தாறு வயசு, வேலூர்க்காரி, ஆங்கிலம் கடகடவென்று பேசுவாள். பத்து நிமிஷம் இரண்டு பேரும் சாம்பாரைப் பற்றிப் பேசினார்கள். நான் பக்கத்திலேயே இருந்தேன். சாம்பாரைத் தவிர வேறு ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு, எச்.ஆர். தேர்ந்தெடுத்த ஐந்து பெண்களை ஒரு அறைக்குக் கூட்டிவந்தார்கள். நாலு பேர் சொல்லிக்கொடுத்தபடி பேசினார்கள். ஐந்தாவது பெண் மணிமங்கலத்திலிருந்து வருகிறவள். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவளாக இருப்பாள். ரப்பர் பட்டைகளின் மூலையை ஒட்டுகிற லைனில் வேலை.

“காலைல ஷிப்டுன்னா நாலு மணிக்கு பஸ் வந்துடும் மேடம். அது கூட பரவால்ல. லைன்ல நின்னா பாத்ரூம் போவ ரிலீவர் வரணும். அவ்ளோ பெரிய லைனுக்கு ரெண்டே ரெண்டு ரிலீவர். வர்ற வரைக்கும் அடக்கிக்கினு நிக்கணும். அதுக்குப் பயந்துகினு தண்ணியே குடிக்கறதில்ல நாங்க. எனக்கு ரெண்டு வாட்டி யூரின்ல இன்ஃபெக்ஷன் வந்துடுச்சி. எழுதச் சொல்லுங்கக்கா.”

எச்.ஆர். மேனேஜருக்குப் பிரெஞ்சு தெரியாது, ஆனால் அவள் சொன்ன தமிழ் அவருக்குப் புரிந்துவிட்டது. ஆலைத் தலைவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் நான் சொல்லப்போகிற பிரெஞ்சு அவருக்குப் புரியும். அப்படியே சொன்னால் அவர் முகம் மாறும், திரும்பி எச்.ஆரைப் பார்ப்பார். எச்.ஆர். என்னைப் பார்ப்பார். இதெல்லாம் ஒரு மூச்சு இழுக்கிற நேரத்துக்குள் எனக்குள் ஓடியது.

“காலை ஷிப்டுக்குச் சீக்கிரம் எழ வேண்டியிருக்கிறது என்கிறார். ஓய்வறைக்குப் போக மாற்று ஆட்கள் உண்டு என்கிறார்” என்று பிரெஞ்சில் சொன்னேன்.

அதில் ஒரு பொய்யும் இல்லை. அந்தம்மா என் முகத்தைப் பார்த்தார், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார், நான் சொன்னதைக் குறித்துக்கொண்டார். ஆறு மணிக்கு மெயில் போட்டேன். ‘உணவு, பேருந்து பற்றிக் கேட்டார். திருப்தியாக இருக்கிறார்.’

இரண்டாம் நாள் மழை. ஒரகடம் மேம்பாலத்துக்கு முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி குறுக்கே திரும்பி நின்றுவிட்டது. இரண்டு மணி நேரம் கார் நகரவில்லை. டிரைவர் கம்பெனி ஆள், ஆனால் அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. நான் எதுவும் கேட்காமலே அந்தம்மா பேச ஆரம்பித்தார்.

அப்பா ரயில்வேயில் சிக்னல் போடுகிறவர். அந்தம்மா பத்தொன்பது வயதில் சொந்த ஊர்ப் பக்கத்து நாளிதழில் சேர்ந்திருக்கிறார். மாட்டுச் சந்தை, சாவுச் செய்தி, நகரசபைச் சண்டை. “எழுதினது தப்பா இருந்தா மறுநாள் காலையில ரொட்டிக் கடையில யாராவது பிடிச்சுத் திட்டுவாங்க. எனக்கு அது பிடிச்சிருந்தது.” பிறகு பாரிஸ், நாடாளுமன்றச் செய்தி. ஒரு மந்திரி ராஜினாமா செய்த அன்று அவர் எழுதிய ஒரு கட்டுரையை ஊரே பேசியது. அதிலிருந்து வியாழக்கிழமை தோறும் பத்தி. டிவி. மந்திரிகள் வீட்டு விருந்து.

“வியாழக்கிழமை வந்தா எனக்கு ஒரு கோபம் வேணும். நிஜமா வரலைன்னா தயார் பண்ணிக்கணும். கொஞ்ச நாள்ல, எது நிஜம், எது தயார் பண்ணினதுன்னு எனக்கே தெரியாமப் போச்சு.”

“உங்களை யாராவது இதை எழுதாதேன்னு சொல்லியிருக்காங்களா?” என்று கேட்டேன்.

“ஒருத்தரும் சொன்னதில்லை. பத்திரிகைய புது முதலாளி வாங்கினார். ஒரு தடவைகூட போன் பண்ணினதில்ல. என் பிறந்தநாளுக்குப் பூ அனுப்புவார். எதைத் தொடக்கூடாதுன்னு நானே கத்துக்கிட்டேன். யாராவது போன்ல மிரட்டியிருந்தா சண்டை போட்டிருப்பேன். பூவோட எப்படிச் சண்டை போடறது?”

ஜன்னல் கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, எதற்காக வந்தார் என்பதைச் சொன்னார். அந்தப் பித்தளைத் தகட்டில் இருந்த ஊர்தான் அவருடைய சொந்த ஊர். ஆலையை மூடப்போகிறார்கள் என்று செய்தி வந்தபோது, ஊர்க்காரர்கள் அவர் எழுதுவார் என்று காத்திருந்தார்கள். எழுதினார். காலம் மாறுகிறது, இது தவிர்க்க முடியாதது, அழுது பயனில்லை என்று. அவருடைய தம்பி அந்த ஆலையில் இருபத்திரண்டு வருஷம் வேலை செய்தவர். அதற்குப் பிறகு தம்பி அவரோடு பேசவில்லை.

“தவிர்க்க முடியாதது எப்படி இருக்கும்னு பார்க்கலாம்னு வந்தேன்” என்றார்.

அன்று சாயங்காலம் மெயிலில் ‘போக்குவரத்து நெரிசல்’ என்று மட்டும் எழுதினேன்.

மூன்றாம் நாள், ஆலைக்கு வெளியே பெண்கள் தங்கும் ஹாஸ்டலுக்குத் தனியாகப் போகலாமா என்று கேட்டார். வெளியாட்களை விடமாட்டார்கள் என்று சொன்னேன். விடுவார்கள். வார்டன் என் அம்மாவுக்குத் தெரிந்தவர். “சரி” என்றார் அவர், வற்புறுத்தவில்லை.

மதியம் கேன்டீனில் கை கழுவிக்கொண்டிருந்தேன். மணிமங்கலத்துப் பெண் பக்கத்துக் குழாயில் வந்து நின்றாள்.

“அக்கா, நான் அவ்ளோ நேரம் பேசினேன். நீங்க ரெண்டே வரில முடிச்சிட்டீங்க.”

“பிரெஞ்சுல சுருக்கமா வரும்” என்றேன்.

“உங்கள கேக்க வெச்சி இன்னாக்கா ஆவப்போவுது? நான் அந்தம்மாகிட்ட சொன்னேன். நீங்க நடுவுல பைப்பு தான? இந்தப் பக்கம் இன்னா வுடறமோ அதான அந்தப் பக்கம் வரணும்?”

அவள் கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். நிஜமாகவே சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு லைனுக்குப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்தால் என் கணவர் அளவில்லாத சந்தோஷத்தில் இருந்தார். மெடிக்கலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். மெடிக்கல் முடிந்தால் பர்மனன்ட் ஆர்டர் வந்த மாதிரிதான்.

“இன்னா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?” என்றார்.

“தலைவலி.”

“அந்த வெள்ளக்காரம்மா கெளம்பட்டும், எல்லாம் சரியாப்பூடும்.”

நாலாம் நாள் காலையில் குன்றத்தூர் வழியாக விமான நிலையத்துக்குக் கிளம்பினோம். செம்பரம்பாக்கம் ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அந்த ஏரியைப் பார்த்தால் எங்களுக்கெல்லாம் முதலில் தண்ணீர் மட்டம்தான் கண்ணில் படும். அவர் காரை நிறுத்தச் சொன்னார். இருவரும் கரையில் ஏறி நின்றோம். காற்றில் அவருடைய முடி பறந்தது.

“நான் அன்றைக்குச் சரியாக மொழிபெயர்க்கவில்லை” என்றேன்.

“தெரியும்.”

“எப்படி?”

“அந்தப் பெண் பேசும்போது மற்ற நாலு பேரும் தரையைப் பார்த்தார்கள். பஸ் நேரத்தைச் சொன்னால் யாரும் தரையைப் பார்க்கமாட்டார்கள். ஆறு மணிக்கு நீங்கள் போனைத் தட்டுவதும் தெரியும்.” என்னை அவர் கடைசிவரை ‘நீங்கள்’ என்றுதான் கூப்பிட்டார்.

நோட்டை எடுத்தார். வார்த்தை விடாமல் சொல்லச் சொன்னார். சொன்னேன். ‘அடக்கிக்கினு’ என்பதைத் தமிழிலேயே இரண்டு தடவை கேட்டுப் பிரெஞ்சு எழுத்தில் எழுதிக்கொண்டார்.

“இது வெளியே வந்தால் நான் சொன்னேன் என்று தெரிந்துவிடும். என் கணவர் வேலை...”

அவர் நோட்டை மூடினார். ஒரு வாக்கும் கொடுக்கவில்லை. விமான நிலையத்தில் இறங்கும்போது கன்னத்தோடு கன்னம் வைத்துவிட்டுப் போனார்.

மூன்று வாரம் கழித்துப் பத்தி வந்தது. மீட்டிங் அறையில் எச்.ஆர். மேனேஜர், ஆலைத் தலைவர், இன்னும் நாலைந்து பேர். என்னை உரக்கப் படித்துத் தமிழில் சொல்லச் சொன்னார்கள். சொந்த ஊர், தம்பி, தான் எழுதிய பழைய பத்தி, பித்தளைத் தகடு எல்லாம் இருந்தது. பிறகு அந்த இடம் வந்தது. பெயரில்லாத ஒரு பெண், தாகத்தோடு, உடம்பை அடக்கிக்கொண்டு நிற்கிறாள். அடுத்த வாக்கியத்துக்குக் கண் போனதும் நான் நின்றுவிட்டேன்.

“படிங்கம்மா” என்றார் எச்.ஆர்.

படித்தேன். “எனக்குக் கொடுக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளர் கம்பெனியின் ஆள். மரியாதை தெரிந்தவர், படித்தவர். எனக்கும் அந்தப் பெண்களுக்கும் நடுவில் நாலு நாளும் ஒரு சுவராக நின்றார். இதை நான் வேறொருவர் வழியாகத்தான் தெரிந்துகொண்டேன்.”

என் குரலிலேயே என்னைப் பற்றி அதைச் சொல்லி முடித்தேன். யாரோ தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளினார்கள்.

எல்லோரும் போன பிறகு எச்.ஆர். மேனேஜர் கதவுப் பக்கம் நிறுத்தினார். “கம்பெனிக்காகக் கெட்ட பேர் வாங்கியிருக்கீங்க. நான் மறக்க மாட்டேன்.” அடுத்த வாரம் என் கணவருக்கு ஆர்டர் வந்தது. அவர் தெருவெல்லாம் லட்டு கொடுத்தார்.

லைனில் இன்னும் இரண்டு ரிலீவர் போட்டார்கள். மழைக்காலம் முடிவதற்குள் அதில் ஒருவரை எடுத்துவிட்டார்கள். ஐந்து பேரில் யார் பேசியது என்பது எச்.ஆருக்குத் தெரிந்தும், பத்தி வந்த சூட்டில் அந்தப் பெண்ணைத் தொட அவர் துணியவில்லை. ஆனால் ‘வேறொருவர்’ யார் என்பதை அவர்களால் விடமுடியவில்லை. கேன்டீனில் பத்து நிமிஷம் பேசிய இன்ஜினியர் பெண்ணைக் கூப்பிட்டார்கள். மூன்று நாள் விசாரணை. ஆங்கிலத்திலேயே நடந்ததால் மொழிபெயர்ப்புக்கு நான் தேவைப்படவில்லை. விசாரணைக் குறிப்பைத் தலைமையகத்துக்குப் பிரெஞ்சில் எழுதி அனுப்பும் வேலை மட்டும் என்னுடையது. மூலையில் உட்கார்ந்து எழுதினேன்.

“சாம்பார் பத்திதான் சார் பேசினோம்” என்றாள் அவள். என் பக்கம் திரும்பி, “அக்காவும் இருந்தாங்களே. சொல்லுங்கக்கா” என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “நான் இருந்தவரைக்கும் சாம்பார்தான்” என்றேன். அந்த ‘வரைக்கும்’ ஏன் என் வாயில் வந்தது என்று இன்றுவரை என்னிடமே கேட்டுக்கொள்கிறேன். குறிப்பில் ‘மறுக்கிறார்’ என்று எழுதினேன். அவளை வடக்கே வேறொரு ஆலைக்கு மாற்றினார்கள். அவள் போகவில்லை, வேலையை விட்டுவிட்டாள்.

நான் அந்தம்மாவுக்கு மெயில் எழுதினேன். இரண்டு கேள்வி. அந்த வாக்கியம் என்னைக் காப்பாற்றவா, இல்லை அதுதான் உங்கள் அபிப்பிராயமா? இன்ஜினியர் பெண்ணுக்கு நடந்தது தெரியுமா? பதில் வர ஒரு மாதம் ஆனது. அதுதான் தன்னுடைய கடைசிப் பத்தி என்றும், பத்திரிகை தனக்கு நன்றி சொல்லி ஒரு பெட்டிச் செய்தி போட்டு அனுப்பிவிட்டது என்றும், இப்போது சொந்த ஊரில் வாடகைக்கு இருப்பதாகவும், தம்பி கதவைத் திறக்கிறான் ஆனால் உட்காரச் சொல்வதில்லை என்றும் எழுதியிருந்தார். என் முதல் கேள்விக்கு, ‘இரண்டும்தான்’ என்று இருந்தது. இரண்டாவதுக்கு, ‘அந்தப் பெண்ணை நான் யோசிக்கவில்லை. இத்தனை வருஷம் எழுதியவளுக்கு அது தோன்றியிருக்க வேண்டும்.’ அதற்கு நான் பதில் போடவில்லை. அவரும் எழுதவில்லை.

அந்தப் பத்திக்குப் பிறகு எல்லா விசாரணைக்கும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். இன்ஜினியர்களெல்லாம் இப்போது போனை நீட்டி, அதுவே மொழிபெயர்த்துச் சொல்ல, அதில் பேசிக்கொள்கிறார்கள். ஆனால் மூடிய அறைக்குள் போனை நம்பமாட்டார்கள், என்னை நம்புகிறார்கள். என் கணவர் நல்ல ஷூ போட்டுக்கொண்டு ஜெனரல் ஷிப்டுக்குப் போகிறார். வேலையை விடலாமா என்று ஒருமுறை பேச்சை எடுத்தேன். “இன்னாத்துக்கு? உனக்கு இன்னா கொறச்சல் அங்க?” என்றார். சொல்ல வேண்டுமென்றால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். சொன்னால் அவருடைய ஆர்டர் எப்படி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

போன மாதம் அந்த இன்ஜினியர் பெண்ணின் நம்பரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டேன். கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் இருக்கிறாளாம். பின்னால் பிள்ளை அழுகிற சத்தம். அந்த ‘வேறொருவர்’ நான்தான் என்று சொன்னேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். ஏரிக்கரை, நோட்டு, ‘வரைக்கும்’ எல்லாம்.

பிள்ளையைத் தட்டிக்கொடுக்கிற சத்தம் கேட்டது.

“அப்பவே சொல்லியிருந்தீங்கன்னா உங்க வேலை, உங்க வீட்டுக்காரர் வேலை ரெண்டும் போயிருக்கும் இல்லக்கா?” என்றாள்.

“ஆமாம்.”

“எனக்கு ரொம்பக் கோவம் இருந்துச்சு. ஒரு வருஷம் தூக்கமே இல்ல. இப்ப நெனச்சா, அங்கேர்ந்து வந்ததே நல்லதுன்னு தோணுது. நீங்க இன்னும் அங்கயேவா இருக்கீங்க?”

“அங்கேதான்” என்றேன்.

பிள்ளை மறுபடி அழுதது. அப்புறம் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்தாள். நான் ஐ.டி. கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மீட்டிங் அறைக்குப் போனேன். உள்ளே அடுத்த விசாரணைக்கு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.